வலது கண்ணில் பெய்த மழை

ராமலட்சுமியின் வலது கண்ணுக்குள் மழை பெய்தால், அடுத்த வாரம் அதே கிழமையில் கருப்பூருணியில் மழை பெய்யும். திங்கட்கிழமை கண்ணில் தூறினால் அடுத்த திங்கள் ஊரில் தூறல். கண்ணில் கொட்டினால் ஊரில் ஓடை நிறையும். இதில் ஒரு தடவைகூடப் பிசகு வந்ததில்லை. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் ரயில் நிற்காமல் போகிற கரிசல் கிராமங்களில் கருப்பூருணியும் ஒன்று. கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும், அதுவும் மனசு வைத்தால்தான் வரும். அந்த ஊரில் உரக்கடைக்காரர் மூட்டை இறக்குவதும், டிராக்டர்காரர் வாடகையை ஏற்றுவதும், கல்யாணத்துக்கு நாள் குறிப்பதும் பல வருஷம் அந்த ஒரு கண்ணைப் பார்த்துத்தான் நடந்தது. பார்த்து என்றால் நேருக்கு நேராகவே பார்த்து. அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, முகத்தை நிமிர்த்தச் சொல்லி, கிட்டத்தில் போய் உற்றுப் பார்த்தால் கருவிழிக்குப் பின்னால் பொடிப்பொடியாக வெள்ளைத் துளிகள் மேலிருந்து கீழே இறங்குவது தெரியும். பார்வை தீர்க்கமான பிள்ளைகள் சாரல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக்கூடச் சொல்லிவிடுவார்கள். கைபேசியில் வானிலை பார்க்கும் பழக்கம் அந்த ஊரில் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

அந்தக் கண் அவளுக்குப் பிறந்த கண் இல்லை. இடது கண்ணைச் சின்ன வயதிலேயே அம்மை கொண்டுபோயிருந்தது. வலது கண்ணை, மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததற்கு நாலைந்து வருஷம் முந்தி, சோளத்தட்டை அறுக்கும்போது ஒரு தோகை கீறிவிட்டது. கருப்பூருணியில் கண்ணில் அடிபட்டால் யாரும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. முதலில் வைத்தியம் சொல்ல ஆள் வரும். ஒருத்தி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தாள். இன்னொருத்தி பிள்ளை பெற்றவளைக் கூட்டிவந்து தாய்ப்பால் பீய்ச்சினாள். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். அத்தனை நல்ல மனசும் சேர்ந்து புண்ணைச் சீழ் பிடிக்கவைத்து, கருவிழியை வெந்த முட்டையின் வெள்ளைபோல ஆக்கிவிட்டது. அதன்பிறகுதான் திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே டாக்டர் ஜெயப்பிரியா, இறந்துபோன ஒருவரின் கருவிழியை எடுத்து இவளுக்கு வைத்துத் தைத்தார்.

யாருடைய கருவிழி என்று ஆஸ்பத்திரி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரி சொல்லாததை பஸ் சொல்லிவிடும். எப்போதும்வென்றான் என்கிற ஊரில் சுடலைமாடன் என்கிற மானாவாரி விவசாயி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இன்றைக்கு மழை வரும் வராது என்று பக்கத்து ஆளோடு வாதாடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். அவர் சம்சாரம் வெயிலுகந்தம்மாளிடம் கண்ணைத் தருவீர்களா என்று வந்து கேட்டார்கள். அவள், "அவியளுக்கு வலிக்காதுல்லா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சம்மதித்தாள். அங்கே கண் எடுத்ததும் இங்கே கண் வைத்ததும் அடுத்தடுத்த நாள். இரண்டு ஊருக்கும் போய்வருகிற கடற்கரை என்கிற கண்டக்டருக்குக் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியாதா என்ன? கார்த்திகை பிறப்பதற்குள் வெயிலுகந்தம்மாள் கருப்பூருணிக்கு வந்து இறங்கிவிட்டாள். ராமலட்சுமியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். "மேலயே பாக்குதாவ பாரு. ஆயுசுக்கும் வானத்தையே பாத்த மனுசன். எம்மூஞ்சிய எங்க பாத்தாவ," என்று சொல்லிச் சிரித்து, அப்புறம் அழுதாள். அதிலிருந்து வருஷம் தவறாமல் வருவாள். கையில் கடம்பூர் போளி இருக்கும். பாதி ராமலட்சுமிக்கு, பாதி அந்தக் கண்ணுக்கு என்பாள். இரண்டு பாதியையும் ராமலட்சுமிதான் தின்பாள்.

கட்டு அவிழ்த்த அன்றைக்கே டாக்டர் புத்திமதி சொல்லியிருந்தார். "இது விருந்தாளிம்மா. வந்திருக்கது வேத்தாள்னு உங்க உடம்புக்கு என்னைக்காவது தோணும். அன்னைக்குக் கண்ணுக்குள்ள அழற்சி கிளம்பும், சண்டை மாதிரி. இந்தச் சொட்டு மருந்துதான் அதை அமத்திவைக்கும். கருவிழிக்குப் பின்னால ஒரு வரிசை அணுக்கள் இருக்கு. உள்ள ஊறுற தண்ணிய ஓயாம இறைச்சு வெளிய விடுறது அதுதான். ஒவ்வொரு சண்டையிலயும் அதுல கொஞ்சம் சாகும். செத்தது திரும்ப முளைக்காது. எல்லாம் செத்துப்போச்சுன்னா கருவிழி தண்ணி கோத்து வெளுத்துரும். அமைதியா வச்சிருந்தீங்கன்னா இருபது வருஷம்கூட இருக்கும்." கண் சிவந்தாலும், வலித்தாலும், வெளிச்சம் கூசினாலும், பார்வை மங்கினாலும் அன்றைக்கே பஸ் ஏறிவிட வேண்டும் என்றார். ராமலட்சுமி தலையை ஆட்டினாள். அவளுக்கு அப்போது பாதிதான் காதில் விழுந்தது. அவள் சோலைராஜின் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் புருஷனுக்கு மீசை நரைத்துவிட்டது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். பக்கத்தில் நின்ற மகள் பொன்மணிக்கு முன்பல் லேசாகத் தூக்கியிருந்தது. அதைப் பார்த்தும் சந்தோஷப்பட்டாள்.

மருந்து போடுகிற வேலையை சோலைராஜ் தன்னுடையதாக எடுத்துக்கொண்டான். வேறு யாரையும் தொடவிட மாட்டான். காலையில் காட்டுக்குக் கிளம்புமுன், சாயங்காலம் திரும்பிவந்து கைகால் கழுவியபின், கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்துவைப்பான். பால்போல் வெளுத்த மருந்து அது. புட்டியை நன்றாகக் குலுக்கி, கீழ் இமையை ஒற்றை விரலால் இழுத்து, ஒரு சொட்டு விடுவான். கண்ணில் விட்ட மருந்து கொஞ்சநேரத்தில் தொண்டையில் இறங்கிக் கசக்கும். பிரண்டையை வேகாமல் தின்றால்கூட அப்படிக் கசக்காது. அந்தக் கசப்புக்கு மாற்றாக கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் ஒரு துண்டு உடைத்து அவள் வாயில் போடுவான். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் இருவரும் அவ்வளவு நெருக்கமாக இருந்த நேரம் வேறில்லை. கண் போனதும் நல்லதுக்குத்தான் என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வெட்கப்பட்டதுண்டு.

முதல் மழை பெய்தது மருந்து தீர்ந்துபோன ஒரு புரட்டாசியில். கரிசல்காட்டில் மழைக்குக் காத்திருந்து விதைப்பவன் கெட்டான். மழை பெய்து ஈரமானால் கரிசல் பசைபோல ஆகிவிடும், ஏர் இறங்காது, டிராக்டரும் இறங்காது. அதனால் மழைக்கு ஒரு வாரம் முந்தியே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு மூடிவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று அதற்குப் பெயர். சீக்கிரம் போட்டால் எறும்பும் எலியும் தின்னும். நடுவில் ஒரு பொய்த்தூறல் விழுந்தால் விதை ஏமாந்து முளைத்துக் கருகும். மழை எந்த நாளில் வரும் என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. அதுமட்டும்தான் தெரியாது. அந்த வருஷம் விதை வாங்குகிற அலைச்சலில் சோலைராஜ் மருந்து வாங்க மறந்தான். நாலாம் நாள் ராமலட்சுமிக்குக் கண் சிவந்தது. அதற்கு மறுநாள் உச்சிவெயிலில், முற்றத்தில் வற்றல் காய்ந்துகொண்டிருக்கும்போது அவள் எழுந்து கத்தினாள். "ஏட்டி பொன்மணி, வத்தல அள்ளு, மழை கொட்டுது!" வெளியே ஈ பறக்காத வெயில். பொன்மணி வந்து அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். மழை உள்ளே பெய்துகொண்டிருந்தது.

உடனே திருநெல்வேலிக்கு ஓடினார்கள். டாக்டர் கருவியில் பார்த்துவிட்டு, அழற்சி வந்துவிட்டது, வெள்ளை அணுக்கள் உள்ளே மிதந்து இறங்குகின்றன என்றார். மருந்து கூட்டிக் கொடுத்தார், மழை நின்றது. ஆனால் சோலைராஜ் எதற்கும் இருக்கட்டும் என்று வந்த கையோடு உளுந்தையும் பாசியையும் புழுதியில் போட்டு மூடிவைத்தான். ஊரில் பாதிப் பேர் முந்திப் போட்டு இழந்திருந்தார்கள், மீதிப் பேர் போடாமலே உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிவைத்ததுபோல அடுத்த வாரம் அதே கிழமை உச்சியில் மழை இறங்கியது. அந்த வருஷம் கருப்பூருணியில் உளுந்து அடித்தது சோலைராஜின் களத்தில் மட்டும்தான்.

பிறகு வருஷாவருஷம் ஆவணி கடைசியில் அவள் கண் சிவந்தது. ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. மருந்து விட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், ஆனாலும் சிவந்தது. ராமலட்சுமி அதைத் தன் விதி என்றே எடுத்துக்கொண்டாள். ஊர் அதை வரம் என்றது. நாயக்கர் வீட்டு மாயகிருஷ்ணன்தான் அப்போது ஊர்ப் பெரியவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், யாரையும் கையெடுத்துக் கும்பிட்டுப் பழக்கமில்லாதவர். அவரே வந்து, "தல்லி, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க," என்று கைகூப்பி நின்றார். தாயே என்று அர்த்தம். அம்மன் கோயிலில் முதல் விபூதி அவளுக்கு வந்தது. படைப்புழு விழுந்த வருஷமும், கொரோனாவில் ஊர் அடைத்துக்கிடந்த வருஷமும், மக்காச்சோளம் விலை இல்லாமல் தெருவில் கிடந்த வருஷமும், கருப்பூருணி விதைத்தது விதைத்தபடி முளைத்தது. சுற்றுப்பட்டில் பெண் கொடுக்க யோசித்தவர்கள் தேடிவந்து கொடுத்தார்கள்.

அவளுக்கு வலித்தது. அதையும் சொல்ல வேண்டும். மிளகாய்ப்பொடியைக் கண்ணில் தூவிக் கட்டிவிட்டாற்போல வலி. ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு கிடப்பாள். அப்படிக் கிடக்கிறவளைத்தான் வெளிச்சத்துக்கு எழுப்பிக் கூட்டிவருவார்கள். வெயில் பட்டதும் தலைக்குள் ஆணி இறங்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இமையை விரித்துக் காட்டுவாள். ஊருக்கு நாலு வாய்ச் சோறு நம் கண்ணால் கிடைக்கிறதே என்ற பெருமை அவளுக்கு இருந்தது, இல்லாமல் இல்லை. விதைப்பு முடிந்ததும் சோலைராஜ் அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போவான். டாக்டர் ஜெயப்பிரியாவுக்கு மட்டும் இது புரியவே இல்லை. "வைகாசியில வந்தா கண்ணு அவ்வளவு நல்லா இருக்கு. புரட்டாசியில இப்படி ஆகுது. மருந்து ஒழுங்கா விடுறீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "வேளை தப்பாம அவியதான் விடுதாவ," என்று ராமலட்சுமி பெருமையாகச் சொல்வாள். சோலைராஜ் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான். இறைக்கிற அணுக்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன, இன்னும் ஒரு சண்டையைத் தாங்காது என்று போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டாக்டர் அழுத்திச் சொன்னார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது சோலைராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்ததை அவள் அந்தக் கண்ணாலேயே பார்த்தாள். தனக்காக அழுகிறான் என்று நினைத்தாள். அவளுக்காகத்தான் அழுதான்; அதில்தான் இருக்கிறது இந்தக் கதையின் அசிங்கம்.

ஒரு பல்வலியில் எல்லாம் வெளியே வந்தது. போன வருஷம் ஆவணியில் அவளுக்குக் கடைவாய்ப்பல் வீங்கியிருந்தது. சாயங்காலம் மருந்து விடவந்த சோலைராஜ் வழக்கம்போல முதலில் கடலைமிட்டாயை நீட்டினான். வேண்டாம், பல் கூசுகிறது என்றாள். அவன் கொஞ்சம் வற்புறுத்தினான், அவள் வாயை மூடிக்கொண்டாள். சொட்டு விட்டான். அவள் கசப்புக்குக் காத்திருந்தாள். பால் கறந்து முடித்தாள், அடுப்புப் பற்றவைத்தாள், கசப்பு வரவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ஆரம்பத்தில் மருந்துக்குப் பின்னால் மிட்டாய் கொடுத்தவன், எந்த வருஷத்திலிருந்து மருந்துக்கு முன்னால் கொடுக்க ஆரம்பித்தான்? யோசித்துப் பார்த்தாள். பொன்மணிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருஷம். அதற்குப் பிறகு விதைப்புக் காலத்தில் எல்லாம் அவள் வாய் இனித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

மறுநாள் அவன் காட்டுக்குப் போனதும் அலமாரியைத் துழாவினாள். ஒரு புட்டி வழக்கமான இடத்தில் இருந்தது. இன்னொன்று அய்யனார் படத்துக்குப் பின்னால் இருந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே மூடி. படத்துக்குப் பின்னால் இருந்ததைக் குலுக்கி ஒரு சொட்டு விட்டாள், தொண்டை கசந்தது. முன்னால் இருந்ததை விட்டாள். தண்ணீர். திரும்ப ஒருமுறை விட்டுப் பார்த்தாள். தண்ணீர்தான். அன்றைக்குக் காலையிலிருந்தே கண் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள். உள்ளே மெதுவாக ஒரு தூறல் ஆரம்பித்து வலுப்பதைத் தான் மட்டும் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

கயத்தாற்றில் வாக்கப்பட்டிருந்த பொன்மணி விதைப்புக்கு ஒத்தாசையாக அன்று ஊருக்கு வந்திருந்தாள். அம்மா கையில் இரண்டு புட்டியைப் பார்த்ததும் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே ராமலட்சுமிக்கு விஷயம் தெரிந்துபோனது.

"ஒனக்கும் தெரியுமாட்டி?"

பொன்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கல்யாணத்துக்கு முந்தியே தெரியும்மா. அப்பா கொதிக்கவச்சு ஆறவச்சு வடிகட்டித்தாம்மா ஊத்துவாவ. அழுக்குத் தண்ணி இல்லம்மா."

அவளுக்கு மட்டும் அல்ல, ஊருக்கே தெரிந்திருந்தது. மருந்து போட்டால் மழை நிற்கும், மருந்து நின்றால் மழை பெய்யும் என்பதை முதலில் சோலைராஜ் கண்டுபிடித்தான். இரண்டாம் வருஷம் மாயகிருஷ்ணனிடம் உளறினான். மாயகிருஷ்ணன் நாலு பேரிடம் கலந்தார். அந்த நாலு பேர் வீட்டிலும் பெண்டுகள் உண்டு. கடைசியில் கைப்பிள்ளைகளையும் ராமலட்சுமியையும் தவிர எல்லாருக்கும் தெரிந்தது. ஆவணி கடைசியில் பொங்கல் வைத்து, இந்த வருஷம் கண் நல்லபடியாகச் சிவக்க வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பொங்கலையும் அவளுக்குத்தான் முதல் கரண்டி வைத்தார்கள். அவளும் தின்றிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு வாய் தவறிக்கூட உண்மை வெளியே வரவில்லை. வாய்க்கால் தகராறிலும் கோயில் வரியிலும் ஒருநாளும் ஒன்றுசேராத ஊர், இந்த ஒரு காரியத்தில் ஒற்றுமையாக இருந்தது.

சாயங்காலம் சோலைராஜ் வந்தான். கூடவே மாயகிருஷ்ணனும் இன்னும் பத்துப் பேரும், கண் பார்க்க. முற்றத்தில் அவள் இரண்டு புட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எல்லார் காலும் வாசலோடு நின்றது. சோலைராஜின் முகம் செத்துப்போனது.

"ஏன் இப்படிச் செஞ்சீய?" என்றாள். சத்தம் போடவில்லை.

"நானா செய்யல, ராமு. பிள்ள கல்யாணம் முன்னால வந்து நின்னுச்சு. பெறவு ஊரு நின்னுச்சு. ஒவ்வொரு வருசமும் இந்த வருசத்தோட விட்டுரணும்னுதான் நெனச்சேன்."

மாயகிருஷ்ணன் குறுக்கே வந்தார். "தல்லி, ஊரு வயிறு அது. கோவப்படாதீங்க. ஒங்களத் தெய்வமாத்தான வச்சிருக்கோம்."

"தெய்வத்துக்கு வெட்டுற ஆட்டுகிட்டயும் கேட்டுட்டுத்தான அண்ணாச்சி வெட்டுவீய? தண்ணி தெளிச்சு, அது தலையாட்டுன பெறகுதான வெட்டுவீய?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எங்கிட்ட ஒருவார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே! எங்கண்ணு, வருசம் ஒருக்க வலிச்சிட்டுப் போகுதுன்னு குடுத்திருப்பேனே! மடியில தலையப் போட்டு மிட்டாயத் தின்னுக்கிட்டு ஏமாந்திருக்கேனே."

இதை எழுதுவதற்கே கூசுகிறது, ஆனால் நடந்தது நடந்ததுதான்: கூட்டத்தில் பின்னால் நின்ற ஒருவன் எட்டி எட்டி அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை, நல்ல மழை என்று பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தான். அடுத்த நாளே ஊர் முழுக்கப் புழுதி விதைப்பு நடந்தது.

ராமலட்சுமி அதைப் பார்க்க இருக்கவில்லை. மாற்றுச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு, பொன்மணியின் கையைப் பிடிக்காமல், தனியாகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள். டாக்டர் ஜெயப்பிரியா அவளைப் படுக்கையில் சேர்த்து, மணிக்கொருதரம் மருந்து விட்டு, ஊசி போட்டுப் பார்த்தார். மழை நின்றது. ஆனால் இறைக்க ஆள் மிஞ்சவில்லை. வியாழக்கிழமை காலையில் கருவிழியில் தண்ணீர் கோத்தது. முதலில் ஓரத்தில் ஒரு வெளுப்பு, பிறகு நடுவில், மத்தியானத்துக்குள் முழுக்க. ராமலட்சுமி கடைசியாகப் பார்த்தது, ஆள் சொல்லிக் கேட்டுப் பதறி ஓடிவந்த வெயிலுகந்தம்மாளின் முகம். அதுவும் பாதியோடு மறைந்தது. பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே நின்ற சோலைராஜைப் பார்த்து வெயிலுகந்தம்மாள் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. "எம்மனுசன் ஒருதடவ செத்தது போதாதுன்னு இன்னொரு தடவ கொன்னுட்டீயளே, பாவியளா! வந்து கேட்டாவ, குடுத்தேன். உங்களுக்குக் கேக்க வாய் இல்லாமப்போச்சா?" அவள்தான் ராமலட்சுமியைத் தன் வீட்டுக்கு, எப்போதும்வென்றானுக்குக் கூட்டிப்போனாள்.

கருப்பூருணியில் திங்கட்கிழமை மழை சரியாகப் பெய்தது. விதை முளைத்தது. ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது. கண்ணில் மேகம் இறங்கிய வியாழனுக்கு அடுத்த வியாழன், காலையில் ஊருக்கு மேற்கு ஓரத்தில் ஒரு வெளுத்த மேகம் எட்டிப்பார்த்தது. பிறகு நடுவுக்கு வந்தது. மத்தியானத்துக்குள் ஊரையும் காட்டையும் முழுக்க மூடிக்கொண்டு அங்கேயே நின்றது. பெய்யவும் இல்லை, கலையவும் இல்லை. வடக்கே கோவில்பட்டியில் வெயில் அடித்தது, தெற்கே கடம்பூரில் நல்ல மழை பெய்தது. கருப்பூருணி எல்லைக்கல்லுக்கு உள்ளே மட்டும் விடியாத விடியல்போல ஒரு வெளிச்சம். முளைத்த பயிர் சோகை பிடித்து, வெளுத்து, படுத்தது. ஐப்பசி போயிற்று, தை வந்தது, மேகம் நகரவில்லை. வானிலை ஆபீஸிலிருந்து வந்தவர்கள் பலூன் விட்டுப் பார்த்தார்கள். பலூன் திரும்பி வரவில்லை, அவர்களும் வரவில்லை. வறட்சி என்றும் எழுத முடியாது, வெள்ளம் என்றும் எழுத முடியாது என்று பயிர்க் காப்பீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். வற்றல் காயப்போட பெண்கள் எல்லைக்கல் தாண்டிப் போய்வரப் பழகினார்கள். கோழிகள் எப்போது அடைவது என்று தெரியாமல் கொஞ்சநாள் தடுமாறிவிட்டு, பிறகு கடைக்காரர் ஷட்டர் இழுக்கும் சத்தத்தை வைத்து அடையக் கற்றுக்கொண்டன.

மேகம் எப்போது போகும் என்பது ஊருக்குத் தெரியும். அந்தக் கண் தெளியும்போது போகும். இன்னொரு கருவிழி வைக்கலாம் என்றுதான் டாக்டரும் சொல்லியிருக்கிறார். ஆனால் இத்தனை தடவை உள்ளே எரிந்த கண்ணில் இரண்டாவது விருந்தாளி தங்குவது கஷ்டம், குறைந்தது ஒரு வருஷமாவது துளி அழற்சி இல்லாமல் கண் அமைதியாக இருந்தால்தான் கத்தி வைப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் இப்போது கருப்பூருணியே அந்தக் கண்ணின் அமைதிக்குக் காவல் நிற்கிறது. மாதம் பிறந்தால் நல்ல மருந்தாகப் பார்த்து வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, கண்டக்டர் கடற்கரையிடம் கொடுத்தனுப்புகிறார்கள். ஊரில் அத்தனை பேரும் கண் தானத்துக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், மாயகிருஷ்ணன் உட்பட. சோலைராஜ், நான் உயிரோடு இருக்கும்போதே என் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் போய் நின்றான். உயிரோடு இருப்பவரிடம் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ராமலட்சுமி மருந்தைத் தன் கையாலேயே விட்டுக்கொள்கிறாள். மிட்டாய் தின்பதில்லை. தொண்டையில் கசப்பு இறங்கும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

சோலைராஜ் வாரம் ஒருநாள் எப்போதும்வென்றானுக்குப் போவான். வெயிலுகந்தம்மாள் அவனை வாசலுக்கு மேல் விடுவதில்லை. அவனும் வேப்பமரத்தடியில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு, வந்த மாதிரியே திரும்பிவிடுவான். இந்தப் புரட்டாசியில் ஒருநாள்தான் வாயைத் திறந்தான். ராமலட்சுமி படியில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து நேம்பிக்கொண்டிருந்தாள். கல் எது, பருப்பு எது என்பது அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. யார் வந்திருக்கிறார்கள் என்பது இருமலிலேயே தெரிந்தது.

"ராமு, ஒன்னு கேக்கலாம்னு வந்தேன்."

அவள் முறத்தை நிறுத்தினாள். வெளுத்த கண்ணை அவன் குரல் வந்த பக்கம் திருப்பினாள். "கேளுங்க. கேட்டு எம்புட்டு வருசமாச்சு."

"ஊருக்கு ஒரு மழை வேணும். ஒன்கிட்ட நேராக் கேட்டுருவோம்னு..."

அவள் முறத்தில் கிடந்த ஒரு கல்லைத் தேடி எடுத்து வெளியே போட்டாள்.

"இப்பக் கேக்குதீய. இப்பமும் குடுத்திருவேன். குடுக்கதுக்குக் கண்ணுதான் இல்ல," என்றாள். பிறகு வெயிலுகந்தம்மாளைக் கூப்பிட்டு, வந்தவியளுக்கு ஒரு செம்பு தண்ணி குடுங்க என்றாள்.

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினான். கருப்பூருணி எல்லைக்கல் தாண்டியதும் டிரைவர் வழக்கம்போல முகப்பு விளக்கைப் போட்டார். பஸ்ஸில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மணி பகல் பன்னிரண்டு.